நன்னாரி

மெல்லிய தண்டுடன் படரும் மூலிகைக் கொடி. தாவரவியற்பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். மதுரையைச் சுற்றிய புதர்க்காடுகளிலும் அழகர்மலைச் சரிவுகளிலும் வளர்கிறது. மருந்தாவது இதன் வேர். கட்டையான நடு நரம்பை நீக்கிவிட்டு, மணமுள்ள வேர்ப்பட்டையை மட்டும் இடித்துக் குடிநீராக்குவர். உடற்சூடு, நீர்க்கடுப்பு, தோல் நோய்களுக்குச் சித்த மருத்துவம் இதைப் பரிந்துரைக்கிறது. கோடையில் மண்பானைத் தண்ணீரில் வேரை ஊறவைப்பதும் உண்டு. மதுரை ஜிகர்தண்டாவில் பாலுடனும் கடல்பாசியுடனும் சேர்வது நன்னாரி சர்பத்தே.

இதன் மணத்துக்குக் காரணமான சேர்மம், வனிலினின் மாற்றியம். மாகாளிக் கிழங்கிலும் அதுவே இருப்பதால், அக்கிழங்கை நன்னாரியென்று விற்பது எளிது. மாகாளி வேர் பருத்துச் சதைப்பற்றுடன் இருக்கும், நன்னாரி வேர் மெலிந்து கடினமாக இருக்கும். எசென்ஸ் கலந்த சர்பத்தை மருந்தாகக் கருதக் கூடாது. வேரோடு தோண்டுவதால் காட்டுக்கொடி அழிகிறது. தண்டுத் துண்டுகளை நட்டுத் தோட்டத்திலேயே வளர்க்கலாம்.