எல்.எம்.பி. டாக்டரும் தில்லி டிஸ்பென்சரியும்

போன மாதம் அம்மாவின் மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். தஞ்சாவூரில் எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. தில்லிக்கு வந்த பிறகு இங்கே ஒரு டாக்டர் எழுதியது இன்னொன்று. கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. பொடி எழுத்தைப் படித்தால்... இரண்டும் ஒரே மருந்து! மூன்று வாரமாகத் தலை சுற்றுகிறது என்று அம்மா சொன்னதற்குக் காரணம் புரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சீட்டுமே சரிதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"நம்ம எல்.எம்.பி. டாக்டர் இருந்திருந்தா இப்படி ஆகுமா?" என்றார் அம்மா.

நியாயமான கேள்வி. அந்த டாக்டர் எங்கே போனார்? கொஞ்சம் சரித்திரம் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு வகை டாக்டர்கள் இருந்தார்கள். கல்லூரியில் படித்த பட்டதாரிகள் ஒரு வகை. மருத்துவப் பள்ளிகளில் அதைவிடக் குறைந்த காலம் படித்து லைசென்ஸ் வாங்கிய எல்.எம்.பி.க்கள் இன்னொரு வகை. சென்னை ராயபுரத்தில் அப்படி ஒரு பள்ளி இருந்தது. அதுதான் பிறகு ஸ்டான்லி என்று பெயர் மாறி, 1938ல் கல்லூரி ஆனது. சின்ன ஊர்களில் குடும்ப டாக்டர் என்றால் பெரும்பாலும் எல்.எம்.பி.தான். கம்பவுண்டர் கலக்கிக் கொடுக்கும் மிக்சர், பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று அளவு காட்ட ஒட்டிய காகிதப் பட்டை... பெரியவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். அவரிடம் பெரிய கருவிகள் கிடையாது. ஆனால் தாத்தாவுக்கு என்ன வியாதி, எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் மனப்பாடம்.

1943ல் சர் ஜோசப் போர் (யுத்தம் இல்லை, மனிதர் பெயர்!) தலைமையில் அரசு ஒரு கமிட்டி போட்டது. நம் ஊர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1946ல் அறிக்கை வந்தது. அன்று நாட்டில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர்தான். பதிவு செய்த டாக்டர்களில் பாதிக்கும் மேல் எல்.எம்.பி. போன்ற லைசென்ஸ்காரர்கள். இரண்டு தரம் வேண்டாம், எல்லாரும் ஒரே பட்டம் படித்த 'அடிப்படை டாக்டர்' ஆகட்டும் என்று கமிட்டி சொன்னது. சில உறுப்பினர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் எல்.எம்.பி. படிப்பு மறைந்துபோனது.

போர் கமிட்டியின் மேல் பழி போட முடியாது. வியாதியைக் குணப்படுத்துவதும் வராமல் தடுப்பதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னதும் அதே அறிக்கைதான். நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டோம். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் மேலே படித்து ஸ்பெஷலிஸ்ட் ஆனார்கள். குடும்ப மருத்துவம் என்ற துறைக்கு ஆட்கள் வேண்டும் என்று தேசிய சுகாதாரக் கொள்கை 2002ல் எழுதவேண்டி வந்தது!

தில்லிக்கு வேலைக்கு வந்த தமிழர்களுக்கு நடுவில் ஒரு வழி இருந்தது. 1954ல் மத்திய அரசு ஊழியர்களுக்காக இங்கே தொடங்கிய சி.ஜி.எச்.எஸ். திட்டம். சம்பளத்தில் மாதம் ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். வீட்டு விலாசத்தைப் பொறுத்து ஒரு டிஸ்பென்சரி. கியூ, மருந்து ஸ்டாக் இல்லை என்ற பதில், எல்லாம் உண்டு. ஆனால் கரோல்பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ குடியிருந்த குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே கதவு. டாக்டர் மாற்றலாகிப் போனாலும் அந்த இடம் மாறாது.

அரசாங்க உத்தியோகத்தில் இல்லாத நமக்கு என்ன? 1986ல் வந்த மெடிக்ளெய்ம். கம்பெனிகள் தரும் இன்ஷூரன்சும் பெரும்பாலும் அந்த வழிதான். ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம். படுக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்க அதில் ஆள் கிடையாது.

குழந்தைகள் விஷயத்தில் நாடு இதைச் சரியாகச் செய்தது. 1978ல் தடுப்பூசித் திட்டம், 1985ல் அதன் விரிவு, 1995ல் பல்ஸ் போலியோ. ஹவுராவில் 2011 ஜனவரியில் வந்ததுதான் நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ கேஸ். 2014ல் சான்றிதழே கிடைத்துவிட்டது. இது எப்படி முடிந்தது? ஒருவர் வீடு தேடி வந்து கதவைத் தட்டினார். பெரியவர்களுக்கு அப்படி யாரும் நெடுங்காலம் வரவில்லை. முப்பது வயது தாண்டிய எல்லாருக்கும் ரத்த அழுத்தம், சர்க்கரை, சில புற்றுநோய்கள் பார்க்கும் அரசுத் திட்டம் 2017 வாக்கில்தான் பரவ ஆரம்பித்தது. எங்கள் அபார்ட்மென்ட் கதவை இன்னும் யாரும் தட்டவில்லை.

இன்னொரு விஷயம். மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி, டாக்டர் மூன்று வருஷம் பத்திரமாக வைக்க வேண்டியது ஆஸ்பத்திரியில் தங்கிய நோயாளியின் குறிப்புகளை மட்டும்தான். கிளினிக்கில் காட்டிவிட்டு வந்த சீட்டு நம் பொறுப்பு. ஊர் மாறும்போது பழைய காலண்டரோடு அதையும் தூக்கிப் போடுகிறோம். எல்.எம்.பி. டாக்டரின் தலைக்குள் இருந்தது அதுதானே!

ஆகவே இப்போது ஒரு ஃபைல் போட்டிருக்கிறேன். மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும், ஒத்துக்கொள்ளாத மருந்துகளும் முதல் பக்கத்தில். டாக்டரும் தேடினோம். நடந்து போகும் தூரத்தில், சீட்டில் பதிவு எண் அச்சிட்டிருக்கும் ஒரு எம்.பி.பி.எஸ். கேள்வி கேட்டால் எரிந்து விழாதவர். ஸ்பெஷலிஸ்ட் தேவையென்றால் அவர் சொல்லட்டும்.

அவர் பையைப் பார்த்து ஒரு மாத்திரையை நிறுத்தினார். அம்மாவுக்குத் தலைசுற்றல் போய்விட்டது. பிறகு கூட வந்த என்னைப் பார்த்து, "நீங்களும் கையை நீட்டுங்கள்" என்றார். 150/96. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். எனக்கு நாற்பத்து நான்கு வயது. பதில் சொல்லத் தெரியவில்லை.

ஃபைலில் இப்போது இரண்டாவது பெயராக என் பெயரும் இருக்கிறது.