தாழ வளர்க்கப்பட்ட செடிகள்

தோட்டக்கலை நூல்களைப் புரட்டுவோர் ஒன்றை எளிதில் கவனிக்கலாம். நிழல் தரும் மரத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கும். மலர்ச்செடிகளுக்கு இரண்டு மூன்று இருக்கும். நிலத்தோடு நிலமாய்ப் படர்ந்து கிடக்கும் குறுஞ்செடிகளுக்கோ நூலின் கடைசியில் அரைப் பக்கந்தான் கிடைக்கும். மழை மண்ணை அரித்துப் போகாமல் பிடித்து வைப்பவை அவையே. வெயிலில் ஈரம் வற்றாதபடி மூடிக் காப்பவையும், களைக்கு இடங் கொடாதவையும், பாதைக்கு ஓரங் கட்டுபவையும் அவையே. உழைப்பை எல்லாம் அவற்றின் கணக்கில் எழுதிவிட்டுப் பெருமையை மட்டும் ரோஜாவுக்கு வழங்குவது தோட்டக்காரர் மரபு போலும்!

நாம் இங்கே தோட்டக்கலை கற்பிக்க முன்வரவில்லை. வெள்ளவத்தையில் மாடிப்படி ஓரத்தில் மூன்று சாடிகளை வைத்திருப்பவர்களுக்கு அந்த உரிமையும் கிடையாது. நாம் கேட்க விரும்புவது சரித்திரக் கேள்வி ஒன்று. கொழும்பு மாநகரிலும் அதைச் சுற்றியும் மனிதன் வளர்த்த தாழ்ந்த செடிகள் தம் இயல்பினால் தாழ்ந்து நின்றனவா, அன்றிக் கத்தியினால் தாழ்த்தப்பட்டனவா?

இந்நகரின் பெயர்களே விவசாயியின் வாயிலிருந்து வந்தவை. வெள்ளவத்தை என்பது சிங்களத்தில் மணல் தோட்டம் எனப் பொருள்படும். கொட்டாஞ்சேனை என்ற பெயரின் ஈற்றிலுள்ள சேனை, காட்டை வெட்டிச் சுட்டு விதைத்து, சில போகங்களின் பின் மண்ணை ஆறவிட்டு அப்பால் நகரும் பழைய பயிர்ச்செய்கையைக் குறிப்பது. அதை அடுத்துள்ள ஒரு மேட்டில் ஒல்லாந்தர் 1749-ஆம் ஆண்டில் தேவாலயம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். அங்கே திரிந்த நரிகளை ஓநாய்கள் என்று மயங்கி, அவ்விடத்துக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்ற கருத்தில் வுல்வெண்டால் என்று பெயரிட்டனர் என்பர். கோட்டை மதிலுக்கு அப்பால் நரி ஒளியும் அளவுக்குப் புதர் மண்டிக்கிடந்தது என்பதற்கு இப்பெயரே சாட்சி. அந்தப் புதர்க்காடுகளில் ஐரோப்பியன் தேடிய செடி ஒன்று இருந்தது. அதுதான் கறுவா.

கறுவா பிறவியில் புதரல்ல. விட்டால் முப்பது நாற்பது அடி உயரும் மரம் அது. ஆனால் மரத்தின் முதிர்ந்த பட்டை வியாபாரிக்கு வேண்டாம். விரற் பருமனும் அதற்குச் சற்று மேலுமான இளந்தண்டின் மெல்லிய உட்பட்டையே அவனுக்கு வேண்டும். ஆகவே கன்று இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்ததும் தரையை ஒட்டி வெட்டுகிறார்கள். அடிக்கட்டையிலிருந்து நான்கைந்து தளிர்கள் கிளம்புகின்றன. கட்டையைச் சுற்றி மண் அணைத்தால் இன்னும் பல கிளம்பும். அவை நேராகவும் நிற்கும். அவை ஆளுயரத்தைச் சற்றுத் தாண்டியதும் மறுபடியும் வெட்டு. இவ்வாறு பல பத்தாண்டுகள் ஒரு மரத்தை மரமாக விடாமலே வைத்திருக்க முடியும். கண்டிப்பான தோட்டக்கலையாளர் இதைத் தரைச்செடி என்று ஒப்பமாட்டார். ஆயினும் அதன் உயிர் முழுவதும் தரைமட்டத்திலுள்ள ஒரு கட்டைக்குள் முடங்கிக் கிடக்கிறது என்பதை அவரும் மறுக்க முடியாது.

மழைக்காலத்தில் சாறு ஏறி, செந்தளிர் பச்சையாக மாறும் தறுவாயில் தண்டை வெட்டினால்தான் பட்டை நோகாமல் கழன்று வரும். வளைந்த கத்தியால் மேற்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் உரசி நெகிழ்த்தி, நீளவாக்கில் கீறி உரிப்பார்கள். சுருண்ட பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குழலாக்கி நிழலில் உலர்த்துவார்கள். விரல்களின் நுட்பம் வேண்டிய தொழில் இது. இன்றும் இதற்கொரு நல்ல யந்திரம் வந்தபாடில்லை. இத்தொழிலில் வல்லவரைச் சந்தைக் கூலி கொடுத்து அமர்த்தியிருக்கலாம். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கண்ட வழி வேறு.

சலாகம சாதியார் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் வழியினர் என்பது மரபு. நம்மூர்ச் சாலியரை நினைவூட்டும் பெயர் அது. நெய்த கைகள் எப்படியோ பட்டை உரிக்கும் கைகளாயின. சிங்கள அரசர் காலத்து ஊழியக் கடமையை வெள்ளையன் அப்படியே எடுத்துக்கொண்டு அதை இறுக்கினான். இச்சாதியில் பிறந்த ஆண்மகனின் பெயர் சிறுவயதிலேயே பதிவேட்டில் ஏறும். ஆண்டுதோறும் இத்தனை இறாத்தல் பட்டை கொடுக்கவேண்டும் என்ற கடமையும் கூடவே ஏறும். பருவம் வந்தால் வீடுவாசல் விட்டு மாதக்கணக்கில் காட்டில் கிடக்க வேண்டியதுதான். சாதி என்பது இந்துக் கோயில் வாசலில் மட்டும் வாழ்ந்த ஒன்று என்று எண்ணுவோர் ஒல்லாந்தக் கம்பெனியின் பதிவேடுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். கிறிஸ்தவனான கணக்குப்பிள்ளை அங்கே சாதியைப் பேணியது சாத்திரத்துக்காக அல்ல, இறாத்தலுக்காக. கம்பெனிக்குத் தெரியாமல் கறுவாவை உரிப்பதும் விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தன.

இனிச் சேனைக்கு வருவோம். ஏழைக் குடியானவன் காட்டைச் சுட்டு விதைத்தால் கறுவா எரிந்துபோகும் என்பது கம்பெனியின் அச்சம். சேனை செய்வது தடுக்கப்பட்டது. குடிகளின் தோட்டங்களில் தென்னைக்கிடையே கறுவா முளைத்திருந்தால் அதற்காகவே தோட்டத்துக்கு இடையூறு வந்தது. முளைத்த செடியோ யாரும் நட்டதன்று. பறவை தின்று எச்சத்தில் விட்ட விதை! பறவை செய்த குற்றத்துக்கு மனிதன் நிலத்தை இழந்தான். 1760-ஆம் ஆண்டில் கொழும்பு, மாத்தறைப் பகுதிகளின் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அவர்களுக்குத் துணைநின்றான். போர் மூண்டு 1766-ஆம் ஆண்டின் உடன்படிக்கை வரை நீண்டது; கரையோரம் முழுவதும் கண்டியின் கையைவிட்டுப் போயிற்று.

அதே 1760-ஆம் ஆண்டிலே ஆம்ஸ்டர்டாம் நகரில் கறுவாக் குவியல்களைத் தீயிட்டுக் கொளுத்தினர். விலை இறங்காதிருக்கவேண்டும் என்பதே காரணம். நேரிற் கண்ட வால்மோன் த பொமார் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அதை எழுதி வைத்துள்ளார். இங்கே ஒரு செடி எரியக்கூடாதென்று மனிதனின் உணவுப் பயிரைத் தடுத்தார்கள். அங்கே அதே செடியின் பட்டையை மூட்டை மூட்டையாக எரித்தார்கள். இந்த இரண்டு நெருப்புகளையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டும் பாடநூல் எதையும் நாம் படித்ததில்லை.

கிளர்ச்சியும் போரும் ஒல்லாந்தருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. காட்டை நம்பியிருந்தால் காட்டிலுள்ள மனிதரையும் கண்டியரசனையும் நம்பியிருக்கவேண்டும். கொழும்பிலேயே பிறந்த தேசாதிபதி இமான் வில்லெம் பால்க் காலத்தில், 1760-களின் இறுதியில், கறுவாவைத் தோட்டப் பயிராக்கும் முயற்சி தொடங்கிற்று. நட்டு வளர்த்த கறுவா காட்டுக் கறுவாவுக்கு ஈடாகாது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. கொட்டாஞ்சேனைக்கு அணித்தான கிராண்ட்பாஸில் இருந்த தேசாதிபதியின் தோட்டத்திற் பரீட்சை நடந்தது. பின்னர் மருதானையின் மணற்பாங்கான நிலத்தில் வரிசை வரிசையாகக் கன்றுகள் ஊன்றப்பட்டன. மரம் காட்டைவிட்டு நகரின் ஓரத்துக்கு வந்தது. வந்த நாள்முதல் நிமிர முடியாமலும் போயிற்று. கறுவாத்தோட்டம் என்று நாம் இன்று அழைக்கும் இடத்தின் பிறப்பு இதுதான்.

1796-இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றியபோது தோட்டங்களும் கைமாறின. 1832-இல் இராஜகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது. 1833-இல் அரசாங்கத்தின் ஏகபோகமும் முடிந்தது. உரிப்போன் காகிதத்தில் சுதந்திரனானான். ஆனால் இறாத்தலுக்கு மூன்று சிலிங் ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. சீனத்திலிருந்து மலிவான கசியாப் பட்டையும் போட்டிக்கு வந்தது. கறுவாவின் மதிப்புக் குன்ற, அரசாங்கம் தோட்டங்களை விற்றது. செடி நின்ற இடத்தில் மாளிகைகள் எழுந்தன. 1877-இல் நூதனசாலை அங்கே திறக்கப்பட்டது. கொழும்பு 7 என்று சொன்னாலே செல்வர் என்று பொருள்படும் அளவுக்கு அந்த இடம் உயர்ந்தது. கறுவாத்தோட்டத்தில் வெட்டி ஒதுக்கப்பட்டது கறுவா மட்டுமே; தாழ்ந்த செடி என்ற கொள்கை அல்ல. புல்வெளியின் விளிம்பில் முழங்காலுக்கு மேல் போகாதபடி கத்தரித்த வேலிகள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. முன்பு கத்தி எடுத்தவன் பட்டைக்காக எடுத்தான். இப்போது துரையின் பார்வை தடைப்படாதிருக்க எடுத்தான். இரண்டு காலத்திலும் குனிந்தவன் ஒருவனே.

அழகுக்காக இறக்குமதி செய்த செடிகளுள் ஒன்று மட்டும் கத்திக்கு அடங்க மறுத்தது. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த உண்ணிச்செடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூங்கா அலங்காரமாக இத்தீவுக்கு வந்தது. நிறநிறமான பூங்கொத்துக்காகக் கொண்டுவந்தனர். பறவைகள் அதன் கனியைத் தின்று வேலி தாண்டி விதைத்தன. இன்று உடவளவையில் யானைகள் மேயும் புல்வெளிகளை அது மூடிக்கொண்டிருக்கிறது. துரைமாரின் இரசனைக்கு யானை பட்டினி கிடக்கிறது!

மலைநாட்டில் நடந்தது கறுவாக் கதையின் இரண்டாம் பாகம். 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தேயிலையும் மரமே, முப்பது அடி வளரக்கூடியது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கை எட்டும் உயரத்தில் அதை நிறுத்தவேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி, மேசைபோலத் தட்டையாக்கி, இடுப்பளவில் வைத்தனர். பச்சைக் கம்பளம் என்று உல்லாசப் பயணிகள் வியக்கும் மலைச்சரிவு, இலட்சக்கணக்கான மரங்களை நிமிரவிடாமல் வைத்திருக்கும் காட்சியே. அவற்றினிடையே நின்ற தமிழ் மக்களின் குடியுரிமை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பறிபோயிற்று. அதன் கடைசி மிச்சங்களைத் தீர்க்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் பறித்த இலை பெட்டிகளில் அடைபட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. அங்கே அப்பெட்டிகளைச் சுமந்தவர்களிற் பலர் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தோட்டங்களில் குடியிருந்தனர். அந்நகர்ப்புறத்திலே தோட்டம் என்றால் செடி நிற்கும் இடமல்ல. ஒரே குழாயடியைப் பகிரும் சுவரோடு சுவரொட்டிய வரிசை வீடுகள். சேனையாயிருந்த ஊரில் அச்சொல் அப்படி ஒரு பொருளுக்கு இறங்கிவிட்டது.

கத்தியின்றித் தாழ்ந்து நிற்கும் செடிகளையும் சொல்லாவிட்டால் நாம் செடிகளுக்கு அநீதி செய்தவராவோம். வெள்ளவத்தை மணலில் யாரும் நீரூற்றாமலே பட்டிப்பூ பூக்கிறது. தமிழகத்தார் அதை நித்தியகல்யாணி என்பர். மடகாஸ்கரிலிருந்து வந்த குறுஞ்செடி, மாடு வாய்வைக்காது, ஆகவே மதிப்பும் இல்லை. 1950-களில் கனடாவில் நோபிள், பியர் என்ற இரு விஞ்ஞானிகள், நீரிழிவுக்கு மருந்தாகுமோ என்று இதன் இலைச்சாற்றைச் சோதிக்கப்போய், இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருளைக் கண்டனர். இச்செடியின் சத்துக்களிலிருந்து பிறந்த மருந்துகள் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகின்றன.

புகையிரதப் பாதைக்கு அப்பால், கடலோர மணலில், அடம்பன் கொடி கிடக்கிறது. ஆட்டுக் குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவும் உடையது. உப்புக் காற்றையும் கொதிமணலையும் தாங்கி, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மணல் ஓடாமல் கட்டுகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழியை ஈழத்துத் தமிழ்க் குழந்தைகள் எழுத்தறியுமுன்பே அறிவர். 1933-ஆம் ஆண்டில் இதே வெள்ளவத்தையின் நூல் நெசவு ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. மலையாளிகளும் சிங்களவரும் ஒரே வாயிலில் நின்றார்கள். இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா அவர்கள் பக்கம் நின்றார். பழமொழியை அறியாதவர்களும் அதன்படி நடக்கமுடியும் என்று தோன்றுகிறது. அந்தத் தோழமை நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. 1983 ஜூலையில் இதே தெருக்களில் தமிழர் வீடுகள் எரிந்தன.

பின்னர் முற்றங்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. மணல் தோட்டத்தில் மணல் தெரியும் இடம் அருகிவிட்டது. கடலரிப்பைத் தடுக்கக் கரையிலே கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். சென்ற வாரம் மாலையில் மாணவர் சிலருடன் அங்கே நடந்தோம். இரண்டு கற்களின் இடுக்கில் பிடிமணல் சேர்ந்திருந்தது. அதைப் பற்றிக்கொண்டு ஒரு முழம் அடம்பன், இன்னும் பூவாமல், தண்டவாளத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.