கோப்பி மலையில் ஒரு கும்மி

ஆங்கிலக் கவிஞர் போப் கையாண்ட ‘ஹீரோயிக் கப்லெட்’ என்னும் ஈரடிச் செய்யுளில் இரண்டு அடிகளின் இறுதியும் ஒத்தொலிக்கும். தமிழிலோ அடியின் தலையில் நிற்கும் எதுகைக்கே மதிப்பு அதிகம். நமது கும்மியைப் பாருங்கள். நான்கும் மூன்றுமாக ஏழு சீர் கொண்டது ஓரடி. முதற்சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் மோனை. ஈரடிகளையும் பிணைப்பது எதுகை. வகுப்பில் மாணவரைக் கைதட்டச் சொல்வேன். சீர் தானே பிரிந்துவிடும். பெண்கள் வட்டமிட்டு ஆடி வளர்த்த யாப்பல்லவா!

மலையக இலக்கியத்தின் தொடக்க நூல்களில் ஒன்றாக ஆய்வாளர் கொள்ளும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. பாடியவர் ஆபிரகாம் ஜோசப், ஆண்டு 1869. கோப்பி பயிரிடும் முறையைச் சொல்லும் நூல் அது. ஆனால் துரைமார் பக்கம் நின்றே பேசுகிறது. பெண்கள் கைகொட்டிய தாளத்தில் வேலை வாங்கியவரின் குரல்! யாப்பில் குறை சொல்லாதவனும் இந்த இடத்தில் சற்றுத் தயங்குவான்.

அதே 1869இல்தான் நமது பதுளை மாவட்டத்து மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். இலைத்துரு நோய். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி சரிந்தது. ஊவா மலைகளில் தேயிலை ஏறியது. கும்மி கற்பித்த பயிர் போயிற்று.

தொழிலாளர் தாமே பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் நூலாக நெடுங்காலம் காத்திருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வந்தது. அத்தகைய பாட்டில் எதுகை வந்தால் வரும். வராவிட்டாலும் பாட்டு நிற்பதில்லை.