தக்கிளியும் பதிவேடும்: ஆதாரக் கல்வியில் மாணவர் வளர்ச்சியை அளத்தல் – பெரியநாயக்கன்பாளையத்தை முன்வைத்து

மாணவர் ஒவ்வொருவருக்கும் கற்றல் இலக்கு வகுத்து, அவர் அதை நோக்கி எவ்வளவு நகர்ந்துள்ளார் என்பதைக் குறித்துவருவது இன்று ஆசிரியப் பணியின் இன்றியமையாத பகுதியாகக் கருதப்படுகிறது. அடைவுத்திறன், கற்றல் விளைவு, வளரறி மதிப்பீடு முதலிய சொற்கள் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் அன்றாட வழக்காகிவிட்டன. இவை அண்மைக் காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை என்ற எண்ணம் கல்வியியல் பாடநூல்களில் பரவலாக உள்ளது. ஆயினும் தமிழகப் பள்ளி வரலாற்றில் குறைந்தது நூற்றைம்பது ஆண்டுகளாக இம்முயற்சி வெவ்வேறு உருவங்களில் நிகழ்ந்துவந்துள்ளது. அவற்றுள் மிகுந்த கவனத்திற்குரியது, நூல் நூற்பைக் கல்வியின் நடுவே வைத்த ஆதாரக் கல்வியாகும். கோவைக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம் அக்கல்வியோடு நெருங்கிய தொடர்புடைய ஊர். அவ்வூரை முன்வைத்து, ஒரு குழந்தையின் வளர்ச்சியை அளந்த குறிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணையிலிருந்து மானியப் பள்ளிக்கு

திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற பிரிவு இல்லை. ஒரே திண்ணையில் மணலில் எழுத்துப் பழகும் சிறுவனும், எண்சுவடியை மனப்பாடம் செய்பவனும், நிகண்டு படிப்பவனும் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒரு சுவடி முடிந்தால் அடுத்த சுவடி. அவன் எங்கே நிற்கிறான் என்பதை அவன் கையிலிருந்த சுவடியே காட்டியது. முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து பின்தங்கியவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் இம்முறையின் கூறுகளைக் கைக்கொண்டு, 1797ஆம் ஆண்டு இலண்டனில் நூலாக வெளியிட்டதும், அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியதும் நன்கறியப்பட்ட செய்திகள். திண்ணைப் பள்ளியின் கணக்குப் பயிற்சியை விரிவாக ஆய்ந்த செந்தில் பாபு, நினைவாற்றலே அங்குக் கற்றலின் வடிவமாக இருந்ததைக் காட்டியுள்ளார். அப்பள்ளியின் சாதி எல்லைகளையும் பிரம்படியையும் மறந்துவிட்டு அதைப் போற்றுவது வரலாறாகாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையையும் அவனவன் நிலையிலிருந்து முன்னே கொண்டுசெல்லும் ஏற்பாடு அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இந்த ஏற்பாட்டைக் குலைத்ததில் மானிய விதிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவிநிதி வழங்கும் கொள்கையை வகுத்தது. இங்கிலாந்தில் இராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்த விதித்தொகுப்பு, மாணவரின் தேர்வு முடிவைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் என்ற நடைமுறையை நிறுவியது. அதே பத்தாண்டில் சென்னை மாகாணமும் அந்த வழியில் இறங்கியது. ஆய்வாளர் பள்ளிக்கு வருவார். பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் செய்வார். உரிய தரத்தில் தேறிய தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று தொகை கணக்கிடப்படும். திண்ணை ஆசிரியர் பலரை அரசுப் பாடத்திட்டத்திற்குள் இழுத்தது இம்மானியமே.

இதை வளர்ச்சியை அளக்கும் முறை என்று கூறவியலாது. இது வாசற்படியை மட்டும் அளந்தது. படியைத் தாண்டிய பிள்ளைக்குப் பணம் உண்டு. தாண்டாத பிள்ளைக்கு இல்லை. எழுத்தே அறியாமல் வந்து ஓராண்டில் தடுமாறியேனும் வாசிக்கத் தொடங்கிய ஒருவன், தரத்திற்குச் சற்றுக் குறைந்தால் ஆசிரியரின் கணக்கில் சுழியம். முன்பே அனைத்தும் அறிந்த ஒருவன் ஓராண்டு சும்மா இருந்தாலும் முழுத் தொகை. ஆசிரியர் தம் உழைப்பை யார்மீது செலுத்துவார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு இம்முறையின் நன்மை தீமைகளை விரிவாக விவாதித்தது. கர்சன் ஆட்சியில் 1904ஆம் ஆண்டு வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம் அதைக் கைவிடச் செய்தது.

வார்தா அறிக்கையில் அளவை

1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து, சாகிர் உசேன் தலைமையிலான குழு அவ்வாண்டு டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. குழுவின் அமைப்பாளர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். உறுப்பினருள் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் ஒருவர். ஆதாரக் கல்வியைக் காந்தியின் கருத்தாக மட்டுமே காணும் வழக்கத்தில் இவ்விருவரின் பங்கு மறைந்துபோகிறது.

அறிக்கையின் கால அட்டவணை பலமுறை எடுத்துக்காட்டப்படுவது: ஐந்தரை மணி நேரப் பள்ளியில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம், தாய்மொழிக்கு 40 நிமிடம், இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். இந்தப் பங்கீடு கிளப்பிய சர்ச்சையில், அறிக்கையின் மற்றொரு பகுதி உரிய கவனம் பெறவில்லை. அது தேர்வு பற்றியது. நடப்பிலிருந்த தேர்வுமுறையைக் குழு ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக, ஆய்வாளர்கள் சில பள்ளிகளில் சில மாணவரை மட்டும் தெரிந்தெடுத்து அடைவை அளந்தால் நிர்வாகத்திற்குப் போதும் என்றது. வகுப்பு உயர்வை ஆசிரியரே முடிவுசெய்ய வேண்டும், எந்தக் குழந்தையும் ஓராண்டு முழுவதையும் மீண்டும் படிக்கும் நிலை இயன்றவரை வரலாகாது என்றும் பரிந்துரைத்தது. இன்று மாதிரி அடைவு ஆய்வு என்று வழங்கும் கருத்து இங்கே தெளிவாகவே காணப்படுகிறது.

இதைவிட முக்கியமானது, பிள்ளைகள் தவறினால் யாரைக் கேட்பது என்பதற்கு அறிக்கை கூறும் விடை. ஒரு வகுப்பில் பலர் தவறினால் ஆசிரியரின் பணியைக் கவனிக்க வேண்டும். ஒரு பள்ளி முழுவதும் அவ்வாறாயின் பள்ளி நிர்வாகத்தை ஆராய வேண்டும். அமைப்பு முழுவதிலும் அவ்வாறாயின் பாடத்திட்டத்திலும் வகுத்த இலக்கிலும் பிழை இருக்கிறது. இலக்கை வகுப்போரும் விசாரணைக்கு உட்பட்டவர் என்ற இந்த மூன்றாம் படி, முந்தைய மானிய விதிகளில் இல்லாதது.

ஆனால் இதே திட்டத்தின் அடியில் ஒரு முரண் இருந்தது. பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையிலிருந்து ஆசிரியர் ஊதியம் கிடைக்க வேண்டும் என்பது காந்தியின் எதிர்பார்ப்பு. பள்ளிப் பொருள்கள் ஏழைக் கைவினைஞரின் சந்தையைக் கெடுக்கும் என்று கே. டி. ஷா வாதிட்டார். குழுவின் அறிக்கையோ வேறோர் ஆபத்தை எச்சரித்தது: வருவாய்மீது கண் வைத்தால், ஆசிரியர்கள் குழந்தைகளிடமிருந்து இயன்றவரை வேலை வாங்குவதில் இறங்கி, கல்வி நோக்கத்தை மறப்பர். தேர்ச்சிக்கேற்ற மானியத்தில் வாசிப்புக்கு நேர்ந்தது இங்கே நூலுக்கு நேரலாம் என்பதே இந்த எச்சரிக்கையின் உட்பொருள்.

பெரியநாயக்கன்பாளையமும் நூற்பும்

தி. சு. அவிநாசிலிங்கம் 1930ஆம் ஆண்டு இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். வழக்கறிஞராகவும் விடுதலைப் போராட்ட வீரராகவும் இருந்த அவர் குருகுல முறையிலான உறைவிடப் பள்ளியை விரும்பினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் கட்டடத்திற்கு 1934இல் காந்தி அடிக்கல் நாட்டினார். வார்தா மாநாட்டிற்கு மூன்றாண்டு முன்பே, உடலுழைப்பும் படிப்பும் இணைந்த பள்ளி ஒன்று கொங்கு நாட்டில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது என்பதே இத்தேதியின் முக்கியத்துவம். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோதும், பின்னர் ஆதாரக் கல்வி பற்றி எழுதியபோதும் அவிநாசிலிங்கத்தின் பின்புலமாக இப்பள்ளியே இருந்தது. 1950இல் வித்தியாலயத்தில் ஆசிரியர் கல்லூரியும் எழுந்தது.

நூற்பு ஓர் அளவுகோலாக ஏன் பொருந்தியது என்பதை இவ்விடத்தில் விளக்க வேண்டும். தக்கிளியில் நூற்ற நூலுக்கு மூன்று அளவுகள் உண்டு: குறித்த நேரத்தில் எவ்வளவு நீளம், எவ்வளவு மென்மை, எவ்வளவு உறுதி. மென்மைக்கு ஆலைத்தொழிலில் வழங்கும் அளவு கவுண்ட். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே கவுண்ட். இருபதாம் கவுண்ட் நூலில் ஒரு பவுண்டுக்கு 16,800 கஜம். கோவை வட்டாரத்தில் இக்கணக்கு ஆலைத் தொழிலாளர் வீடுகளில் புழங்கியது. ஆதாரப் பள்ளியில் பிள்ளை தானே நூலைச் சுற்றி, எண்ணி, எடைபோட்டு, குறித்துவைப்பது கணக்குப் பாடமாகவும் அமைந்தது. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் அவன் கையெழுத்திலேயே இருந்தன. தான் வளர்ந்ததை அறிய அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்ளலாம். ஒரு சிறுவன் ஆனி மாதத்தில் அரை மணி நேரத்தில் 30 கஜம் நூற்கிறான். ஆவணியில் 45 கஜம். மற்றொருவன் 60இலிருந்து 62க்கு வருகிறான். வகுப்புக்குரிய இலக்கு 50 கஜம் எனில், மானியக் கணக்கில் முன்னவன் தவறியவன்; பின்னவன் தேறியவன். பிள்ளையின் சொந்தக் குறிப்பேட்டிலோ முன்னவன் தன் வேகத்தை ஒன்றரை மடங்காக்கியிருக்கிறான். ஆதாரக் கல்விப் பாடத்திட்டம் வகுப்புவாரியாக வேகத்தையும் கவுண்ட்டையும் வகுத்திருந்ததால், இவ்விரு வாசிப்புக்கும் அதில் இடமிருந்தது. எதை மேற்கொள்வது என்பது ஆசிரியரின் பயிற்சியைப் பொறுத்தது.

தொடக்க நிலை பற்றியும் ஒரு சொல். நெசவு, கொங்கு நாட்டில் குறிப்பிட்ட சாதிகளின் தொழில். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் தறியின் முன் ஒரே தொடக்கம் இல்லை. கைநூற்போ பல சாதிப் பெண்களின் வீட்டு வேலையாக இருந்து, ஆலைகள் பெருகியபின் அருகிப்போனது. ஆகவே தக்கிளியின் முன் சிறுவர் பெரும்பாலும் ஒரே நிலையில் அமர்ந்தனர். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி நாளில் பெற்றோரின் தொழிலைப் பழக விட்டதால் குலக்கல்வி என்று கடும் எதிர்ப்புக்குள்ளாகி, 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வி அதனின் வேறானது. எல்லார்க்கும் ஒரே தொழில் என்பதே அதன் விதி. ஆயினும் அப்போராட்டத்திற்குப் பிறகு பள்ளியில் கைத்தொழில் என்றாலே ஐயத்தோடு பார்க்கும் நிலை ஏற்பட்டது. அந்த ஐயத்திற்கு நியாயம் இருந்தது; ஒடுக்கப்பட்டோர் பள்ளியிடம் எதிர்பார்த்தது எழுத்தறிவையே.

நூல் அளக்காத பகுதியும் பெரிது. ஒருவன் கதை படித்துச் சிரிக்கிறானா, அஞ்சுகிறானா என்பதைச் சிட்டம் சொல்லாது. வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த பெ. தூரன், பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தவர். அவர் குழந்தை உள்ளம் பற்றியும் பொதுவாக மனவியல் பற்றியும் தமிழில் நூல்கள் எழுதினார். அவரைக் கவிஞராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் மட்டும் நிறுத்தும் இலக்கிய வரலாறுகள், இந்த எழுத்தைப் பள்ளி அனுபவத்தோடு சேர்த்துப் படிப்பதில்லை. நூற்பை எண்ணிக்கொண்டிருந்த காலத்துக் கல்வியுலகிலிருந்தே குழந்தையின் மனத்தைப் பற்றிய தமிழ் உரைநடையும் பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பதிவேடு மேலே செல்லுதல்

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53), மாணவரின் பல்லாண்டு முன்னேற்றத்தைத் தொடர்ந்து குறிக்கும் தொகுப்புப் பதிவேட்டைப் பரிந்துரைத்தது. கருத்தளவில் இது ஆதாரக் கல்வியின் நாட்குறிப்பை ஒத்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இதை எழுதுபவர் ஆசிரியர், பிள்ளையின் கையெழுத்து இதில் இல்லை. ஜி. இராமச்சந்திரன் தலைமையில் 1956இல் அறிக்கையளித்த ஆதாரக் கல்வி மதிப்பீட்டுக் குழு, கல்வித்துறையினரிடம் இத்திட்டம் பற்றிய தெளிவு போதவில்லை என்று சுட்டியது. அறுபதுகளில் தக்கிளி பள்ளிகளை விட்டு மெல்ல விலகியது. 1962இல் நிறுவப்பட்ட இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ், நூற்பாலை இயந்திரங்களைப் பெரியநாயக்கன்பாளையத்திலேயே செய்யத் தொடங்கியது. சிறுவர் கையால் கதிர் சுழற்றிய ஊர், ஆலைகளுக்குக் கதிர்கள் செய்யும் ஊராயிற்று.

2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் மு. ப. விஜயகுமார் முன்னின்று தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளை தன் படியைத் தானே அறியும் வழி மீண்டும் வந்தது. ரிஷி பள்ளத்தாக்கின் ஏணி முறையை ஒட்டி, ஒவ்வொருவரும் அட்டை அட்டையாக ஏணியில் ஏறினர். சுவரில் தொங்கிய அட்டவணையில் தம் அடைவைத் தாமே குறித்தனர். திண்ணையை நினைவூட்டும் அமைப்பு இது. வகுப்புப் பிரிவு கரைந்து, முடித்த பிள்ளை முடிக்காத பிள்ளைக்கு உதவியது. 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவியபோது, ஏணியின் எல்லாப் படிகளும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே அச்சில் வந்தன.

பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்துகிறது. நிலைக்கேற்ற பயிற்சி என்ற அளவில் இது முதலில் கூறிய திண்ணையின் இயல்பைப் பெற்றுள்ளது. மதிப்பீடு செயலி வழியே பதிவேறுகிறது. பதிவேற்றப் பணிச்சுமை குறித்து ஆசிரியர் இயக்கங்கள் தொடர்ந்து முறையிட்டுவந்துள்ளன. அம்முறையீட்டை வெறும் சோம்பல் என்று தள்ளுவோர் 1904ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் படித்துப் பார்க்கலாம். மொட்டு நிலையிலிருந்து ஒரு சிறுமி மலருக்கு வந்த நாள் மேலிடத்துத் திரையில் ஓர் எண்ணாகத் தெரியும். அவள் அதை அறியும் இடம் வகுப்பறையில் எது, தன் எழுத்தில் அதைக் குறித்துவைக்க அவளுக்கு ஏதேனும் தாள் உண்டா என்பவை பள்ளிவாரியாக ஆராயத்தக்கவை. ஒரு ஒன்றியம் முழுவதும் பிள்ளைகள் அரும்பிலேயே நின்றால், வார்தா அறிக்கையின் மூன்றாம் படியின்படி கேள்வி பாடத்திட்டத்தை வகுத்தோரிடம் செல்ல வேண்டும். இப்போது அது முதலில் அந்த ஒன்றியத்தின் ஆசிரியரிடமே செல்கிறது.