பிடித்து நிற்பவனுக்கு என்ன விலை?

கபடி ஏலம் நடக்கும் நாட்களில் பத்திரிகைகளில் ஒரு பட்டியல் வரும். யாருக்கு எத்தனை லட்சம், யாருக்கு எத்தனை கோடி என்று. புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியபோது நடந்த முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா அணி அவரை 12.80 லட்சத்துக்கு எடுத்தது. எட்டே ஆண்டுகள் கழித்து, 2022இல், பவன் செராவத்தை நமது தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடிக்கு எடுத்தது. சடுகுடு ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தால் முழங்கால் சிராய்ப்புக்கு முதுகில் இரண்டு அடி வாங்கிய தலைமுறை நாம். அந்த ஆட்டத்துக்குக் கோடிக் கணக்கில் விலை என்பது நமக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

நான் சொல்ல வந்தது பணத்தைப் பற்றி அல்ல. அந்தப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ரைடர்கள். அதாவது பாடிப் போகிறவர்கள். 2018 ஏலத்தில் ஈரான் நாட்டு ஃபசல் அத்ராச்சலி என்ற தடுப்பாட்டக்காரரை யூ மும்பா அணி 1 கோடிக்கு எடுத்தது. கபடி ஏலத்தில் 1 கோடியைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஆனால் அதே ஏலத்தில் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போய் அவரை முந்திவிட்டார். அவர் ரைடர்.

பாடிப் போகிறவனை எடை போடுவது சுலபம். எத்தனை பேரைத் தொட்டான், எத்தனை புள்ளி கொண்டுவந்தான் என்று குழந்தைகூட எண்ணிவிடும். மூலையில் பிடித்து நிற்பவனை எப்படி எடை போடுவது? இது உலகம் முழுக்க உள்ள பழைய கேள்வி.

அமெரிக்காவில் கால்பந்து என்று ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். பந்து முட்டை வடிவம், பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்தை எறிகிற ஆளுக்கு முன்னால் ஐந்து பேர் சுவர்போல நிற்பார்கள். எதிரணி அவர் மேல் பாயாமல் மார்பாலும் கைகளாலும் தள்ளி நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. ஒவ்வொருவரும் 140 கிலோ அளவில் இருப்பார்கள். ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் வேலை சரியாக நடந்தால் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. தவறினால் மட்டும் அரங்கம் முழுக்கப் பார்க்கும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ரக்பி ஆட்டத்தில் முன்வரிசையின் இரண்டு ஓரத்திலும் தோள் கொடுத்து நிற்பவரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பிலியே' என்பார்கள். தூண் என்று அர்த்தம். பொருத்தமான பெயர். மண்டபத்துக்குப் போகிறவன் தூணை எண்ணுவானே தவிர, தூண் என்ன தாங்குகிறது என்று நினைக்க மாட்டான்.

ஸ்ரீரங்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்பெருமாள் சிம்மகதியில் வரும்போது நம் கண் பெருமாள் மேல்தான் இருக்கும். தண்டைத் தாங்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளையும் பாதத்தையும் யார் பார்க்கிறார்கள்? உயரம் ஒத்தவர்கள் இணையாக நிற்க வேண்டும், அடி ஒன்றாக விழ வேண்டும், ஒரு தோள் தாழ்ந்தால் மற்ற தோள்களில் பாரம் ஏறும். தனி ஒருவன் எவ்வளவு பலசாலி என்பதை வைத்து அங்கே ஒன்றும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். டிராஃப்ட் என்று பெயர். முதல் டிராஃப்ட் 1936இல் பிலடெல்பியாவில் நடந்தது. முதல் ஆளாகத் தேர்வானவர் ஜே பெர்வாங்கர். அந்த நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர். அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை! ஆக, முதல் வருஷமே முதல் கணக்கு பொய்த்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் அளவுகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸ் நகரில் பையன்களை வரவழைத்து உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் எல்லாம் அளக்கிறார்கள். 40 கெஜ தூரம் ஓடவிட்டுக் கடிகாரம் பார்க்கிறார்கள். 102 கிலோ பாரத்தை எத்தனை முறை நெஞ்சிலிருந்து தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். இவ்வளவும் செய்தும் 2011இல் ஜேசன் கெல்சி என்ற பையனை 190 பேருக்குப் பிறகுதான் தேர்ந்தெடுத்தார்கள். உடம்பு போதாது என்பது காரணம். கல்லூரியிலேயே உதவித்தொகை இல்லாமல் அணிக்குள் நுழைந்தவர் அவர். அந்தச் சுவரின் நடு ஆளாகப் பதின்மூன்று ஆண்டுகள் ஆடி, 2024இல் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு அவரைப்போல் ஆள் இல்லை என்றார்கள்.

அதே பிலடெல்பியா அணி 2018இல் ஜோர்டன் மைலாட்டா என்ற ஆஸ்திரேலியப் பையனை 233ஆவது ஆளாக எடுத்தது. ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். அமெரிக்கக் கால்பந்தில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஜெஃப் ஸ்டௌட்லண்ட் என்ற பயிற்சியாளர் அவரை அரிச்சுவடியிலிருந்து பழக்கினார். இடது ஓரத்தின் நிலையான காவல்காரராக மைலாட்டா வளர்ந்தார். தேர்வு பாதி என்றால் ஆசான் மீதிப் பாதி.

நம் சடுகுடுவுக்கும் 1936 முக்கியமான வருஷம். பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலிக்காரர்கள் போய் நம் நாட்டு ஆட்டங்களைச் செய்து காட்டினார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாக ஏறியது. அந்தத் தங்க அணியில் தமிழ்நாட்டு ராஜரத்தினம் இருந்தார். அடுத்து 1994 ஹிரோஷிமாவில் மணத்தி கணேசன். அவர் கதையை ஒட்டித்தான் 2025இல் 'பைசன்' படம் வந்தது.

இப்போது நம் பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றி. ஸ்ரீரங்கத்திலிருந்து கிழக்கே போய்க் கல்லணையைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டத்தில் திருச்சென்னம்பூண்டி என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் தர்மராஜ் சேரலாதன். பிறந்தது 1975. வலது கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவர். புரோ கபடி தொடங்கிய 2014இல் அவருக்கு வயது 39. மற்ற ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் சீட்டு வாங்கும் வயது.

காகிதத்தில் மட்டும் பார்க்கிற எவரும் வயது என்ற கட்டத்தைப் பார்த்ததுமே அந்தத் தாளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். நடந்தது என்ன? 2016இல் அவர் தலைமையில் பாட்னா அணி கோப்பையை வென்றது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்திய அணியில் இடம் பிடித்தார். ஈரானை 38க்கு 29 என்று வென்று இந்தியா கோப்பையை எடுத்தபோது அவருக்கு வயது 41. 2019இல் ஹரியானா அணிக்குத் தலைவர். வயது 44! தன் வயதில் பாதிகூட இல்லாத பையன்கள் பாடி வர, அவர்கள் காலைப் பிடித்து உட்கார வைத்தார்.

எப்படி முடிந்தது? கார்னரில் நிற்பவனுக்கு வேண்டியது ஓட்டம் அல்ல, பொறுமை. பாடி வருகிறவன் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டும் அந்த ஒரு கணத்துக்காக, மற்ற நேரம் முழுவதும் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டுப் பாய்ந்தால் புள்ளி போகும், ஆளும் வெளியே போவான். அந்தப் பொறுமை நாற்பதில்தான் பலருக்கு வருகிறது. கடிகாரமும் நாடாவும் அதை எப்படி அளக்கும்?

தடுப்பாட்டத்தில் இன்னொரு சிக்கல். ஒரு ரைடு 30 விநாடி. கார்னர்காரன் காலைப் பிடிப்பான், கவரில் நிற்பவன் இடித்துத் தள்ளுவான், இன்னொருவன் நடுக்கோட்டை மறித்து நிற்பான். மூன்று பேர் செய்த வேலைக்குப் புள்ளி ஒருவன் பெயரில் ஏறும். அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. கார்னர்காரன் மிகவும் கெட்டிக்காரன் என்றால் பாடி வருகிறவன் அந்தப் பக்கம் போகவே மாட்டான். தூரத்தில் ஆட்டம் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவான். இப்படி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும் என்பது புரோ கபடி விதி. மூன்றாவது முறை அவன் வேறு வழியில்லாமல் இன்னொரு பக்கம் பாய்ந்து மாட்டிக்கொள்வான். புள்ளி அங்கே பிடித்தவனுக்கு. முதல் இரண்டு முறையும் அவனை அண்டவிடாமல் வைத்தவன் கணக்கில் பூஜ்யம். கெட்டிக்காரத்தனம் கூடக் கூடக் கணக்கு குறைகிற விந்தை இது.

2022இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் செராவத், தமிழ் தலைவாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த ஆண்டு முழுவதும் ஆட முடியாமல் போனார். அதோடு கதை முடிந்தது என்றே நினைத்தோம். ஆனால் அதற்கு முன் ஒருமுறைகூட அரையிறுதியைப் பார்க்காத அந்த அணி, அந்த ஆண்டுதான் அரையிறுதிக்குப் போனது. பாடுவதற்கு நரேந்தர் என்ற புதுப் பையனும் அஜிங்க்ய பவாரும் இருந்தார்கள். பின்னால் வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா. பெரிய பெயர் யாருக்கும் இல்லை. இரண்டு மூலையும் உறுதியாக இருந்ததால் நடுவில் இருந்தவர்கள் தைரியமாக ஆடினார்கள்.

இதெல்லாம் கோடிக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று கேட்கலாம். லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கம் பொங்கலையொட்டி மின்னொளி கபடிப் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். 18, 19 வயசுப் பையன்கள். எடைப் பிரிவுக்குள் வருவதற்காக முதல் நாள் இரவு சாப்பிடாமல் கிடந்து, தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் பரோட்டா தின்பார்கள். அமெரிக்காவில் கனத்தவனைத் தேடுகிறார்கள், இங்கே கனத்தவனைக் கழிக்கிறார்கள். அந்தப் பையன்களுக்கு ஏலம் எட்டாக் கனி. அவர்கள் கண் இருப்பது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை மேல். தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் அதற்கு உண்டு. ரயில்வேயும் காவல்துறையும் தனி.

அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பணிப் பதிவேட்டில் உயரம் இருக்கும், அங்க அடையாளம் இருக்கும். விளையாட்டுச் சான்றிதழில் எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எத்தனையாவது இடம் என்று இருக்கும். மூலையில் நின்று அந்த இடத்தைத் தாங்கியவன் யார் என்பதற்குக் கட்டமே கிடையாது. மாவட்ட அணிக்குத் தேர்வு நடக்கும்போது அரை நாளில் நூறு பையன்களைப் பார்க்க வேண்டும். அரை நாளில் கண்ணில் படுகிறவன் பாடிப் போகிறவன்தான். பிடித்து நிற்கிறவன் வீட்டுக்குத் திரும்புவான். மாவட்ட அணி இல்லையென்றால் மாநில அணி இல்லை, சான்றிதழ் இல்லை, வேலை இல்லை. ஒரு குடும்பத்தின் தலையெழுத்து அந்த அரை நாளில் தீர்மானமாகிறது.

ஊர்ப் போட்டி நடத்தும் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் யோசனை சொல்கிறேன். ஸ்கோர் எழுதும் நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். ஒன்று, பிடியில் துணை நின்றவர் யார் யார் என்று. மற்றது, வெறுங்கையோடு திரும்பிய ரைடுகளில் பாடி வந்தவன் எந்தப் பக்கத்தைத் தவிர்த்தான் என்று. அதோடு கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் தனியாக எழுதுங்கள், மூச்சு வாங்கும்போதும் பக்கத்து ஆளின் கையை விடாமல் நிற்பவன் யார் என்று தெரியும். ஒரு பையனை ஐந்து ஆட்டமாவது பார்த்த பிறகு முடிவு சொல்லுங்கள். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.

திருச்சென்னம்பூண்டியில் ஒரு சேரலாதன் கிடைத்தார். அவரைப்போல் எத்தனை பேர் நாற்பது வயதில் வயல்வரப்பில் நின்று, பேரப்பிள்ளை வயதுப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ! நோட்டில் ஒரு கட்டம் இல்லாத குறைக்காக இனிமேலும் ஒருவன் அப்படி நிற்க வேண்டாம்.