களைத்த பிள்ளையின் சரித்திரம்



நாங்குநேரி வட்டாரத்தில் நான் ஆசிரியனாக இருந்த நாளில், வாரத்திற்கு இரண்டு நாள் வராத மாணவன் ஒருவனை வகுப்பின் நடுவே 'சோம்பேறி' என்று ஏசினேன். அவன் தலை குனிந்து நின்றான். நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு உலகில் ஒரு நெடிய சரித்திரம் உண்டு என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகளின் சோர்வுக்கு முதற்காரணம் பசி. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. இரண்டாவது காரணம் இரத்தசோகை. வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. இதற்கு மாற்றாக இரும்புச்சத்து மாத்திரையும், 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலேயே புழு மாத்திரையும் தருகிறார்கள்.

ஆனால் வயிறு நிறைந்தும், இரத்தம் தேறியும், ஓய்வெடுத்தும் தீராத களைப்பு ஒன்று உண்டு. 1948-49ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஐஸ்லாந்தின் அக்குரேரி நகரில் பலரை அது தாக்கியது; பள்ளி மாணாக்கரும் அதில் சிக்கினர். 1955இல் இலண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஊழியர் ஏறத்தாழ 300 பேர் நோயுற, மருத்துவமனையையே சில காலம் மூட நேர்ந்தது. 1970இல் மனநல மருத்துவர் இருவர், அந்நோயாளிகளை நேரில் பாராமல் பழைய குறிப்புகளைப் படித்தே, இது வெறும் ஹிஸ்டீரியா என்று எழுதினர். அவ்வெழுத்தின் நிழல் பல்லாண்டு நீடித்தது. 1985இல் அமெரிக்காவின் லிண்டன்வில் என்னும் சிற்றூரில் குழந்தைகள் பலர் நோயுற்றனர். 1988இல் அதற்கு 'நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுதி' என்னும் பெயர் கிட்டிற்று. 2015இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று, இது மனத்தின் பாசாங்கன்று, கடுமையான உடல்நோய் என்று அறிவித்தது.

இந்நோய் தனியே வருவதில்லை. உறங்கியும் தெளியாத விழிப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றலும் படபடப்பும், தலைவலி, வயிற்றுவலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை உடன் வரும். எல்லாவற்றிலும் முக்கியமானது, சிறிது உழைத்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நிலைமை மோசமாவது. ஆகையால், படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் பழைய சிகிச்சையை இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2021இல் கைவிட்டது. இந்நோயைக் காட்டும் தனிப்பட்ட இரத்தப் பரிசோதனை இல்லை. முற்றிலும் போக்கும் மருந்தும் இல்லை. சோகை, தைராய்டு முதலிய பிற காரணங்களை வைத்தியர் ஆராய்ந்து விலக்கிய பின்னரே இது தெளிவாகும். பள்ளி செய்யக்கூடியது, பாட நேரத்தைக் குறைத்து, இறைவணக்கத்தின்போது அமர அனுமதித்து, இடையில் ஓய்வு தருவதே.

அம்மாணவனுக்கு இந்நோய்தான் என்று கூற எனக்கு உரிமையில்லை. யாரும் அவனைச் சோதித்ததில்லை. ஆனால் விளையாட்டுப் பாடவேளைக்கு மறுநாள்தான் அவன் பெரும்பாலும் வரமாட்டான் என்பது என் பதிவேட்டிலேயே இருந்தது. வராத நாளை எண்ணிய நான், வந்த நாளில் அவன் என்ன செய்தான் என்று பார்க்கவில்லை.

ஆகவே என் சக ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன், உண்டாயா, உறங்கினாயா, நேற்று என்ன செய்தாய் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள்.