போல் ஒக்காலிக்: கட்சிகள் இல்லாத அவையில் ஒரு பதவி விலகல்

கனடாவின் வட கோடியில், இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் பிராந்தியம் 1999 ஏப்ரல் 1ஆம் தேதி உருவானபோது, அதன் முதலாவது முதல்வரானவர் போல் ஒக்காலிக். அப்போது அவருக்கு வயது 34. வழக்கறிஞராகி ஒரு சில வாரங்களே ஆகியிருந்தன.

1964இல் பாங்னிர்டுங் என்ற சிற்றூரில் பிறந்த இவர், இளமையில் மதுவுக்கு அடிமையாகி மீண்டவர். பிராந்தியம் உருவாக அடிப்படையான நில உரிமைப் பேச்சுவார்த்தைகளில் பங்கேற்ற பின்னரே ஒட்டாவாவில் சட்டம் பயின்றார்.

நுனாவுட் சட்டமன்றத்தில் கட்சிகள் இல்லை. முதல்வரையும் அமைச்சர்களையும் உறுப்பினர்களே இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்கின்றனர். அமைச்சர்களைவிட ஏனைய உறுப்பினர்களின் எண்ணிக்கையே அதிகம் என்பதால், அமைச்சரவை எப்போதுமே சிறுபான்மைதான். இவ்வாறே 2008இல் ஒக்காலிக்குக்குப் பதிலாக ஈவா அரியாக் முதல்வராகத் தெரிவானார்.

2013இல் மீண்டும் உறுப்பினரான ஒக்காலிக், பின்னர் சுகாதார அமைச்சரானார். தலைநகர் இக்காலுயிட்டில் பியர், வைன் விற்பனை நிலையம் திறப்பதற்கு 2015ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் பெரும்பாலானோர் ஆதரவளித்தனர். கள்ளச்சந்தை மதுவைக் குறைக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். அது புறக்கணிக்கத்தக்க வாதமும் அல்ல. ஆனால், மதுவுக்கு அடிமையானோருக்கான உறைவிட சிகிச்சை நிலையம் ஒன்றுகூட அப்போது பிராந்தியத்தில் இல்லை. சிகிச்சைக்கு முன் விற்பனையா என்பதே ஒக்காலிக்கின் ஆட்சேபம்.

கட்சிக் கட்டுப்பாடு இல்லாவிடினும், அமைச்சரவையின் முடிவுக்கு அமைச்சர்கள் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். 2016 மார்ச்சில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்து, சாதாரண உறுப்பினராக அவையில் அமர்ந்தார். விற்பனை நிலையம் 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது.